முதலாண்டுக்காரி

ரொவினா முதன்முதலாகத் தொட்ட உயிருள்ள நோயாளி அன்று மாலைக்குள் இறந்துபோனார்.

செல்லப்பா என்று பெயர். துறைமுகத்தில் சுமை தூக்கியவர். நர்சிங் கல்லூரியில் படித்த காலம் முழுக்க அவள் ஊசி போட்டதும், உடம்பு துடைத்ததும், புண்ணுக்குக் கட்டு மாற்றியதும் பொம்மைகளுக்குத்தான். அந்தப் பொம்மைகளுக்கு வியர்க்கும், முனகும், ஊசியைத் தப்பாகக் குத்தினால் அலறும். படிக்கிற பிள்ளைகளின் கை உண்மையான நோயாளிமேல் படக்கூடாது என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் கல்லூரியை முடித்து, கவுன்சிலில் பெயரைப் பதிந்து, தூத்துக்குடியில் கடலைப் பார்த்து நின்ற அந்தப் பெரிய மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் அவள் ஒரு மனிதரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பொம்மையின் தோல் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும். இவருடைய கை விரல்நுனியில் சில்லிட்டும் உள்ளங்கையில் கொதித்தும் கிடந்தது. அந்த வித்தியாசமே அவளைத் திடுக்கிட வைத்தது.

"பயப்படாதம்மா, பிடி" என்றார் செல்லப்பா. அதன் பிறகு அவர் பேசவில்லை.

மறுநாள் வேறு ஒருவர். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர். அவள் பொறுப்பில் விட்ட படுக்கைகளிலிருந்து யாரும் நடந்து வீட்டுக்குப் போகவில்லை. மணப்பாட்டிலிருந்து அம்மா தினமும் போன் பண்ணி, "பெரிய ஆஸ்பத்திரி எப்படிட்டி இருக்கு?" என்று கேட்பாள். "நல்லாருக்கும்மா" என்பாள் ரொவினா. ஊரில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் அப்பா, மகள் நர்ஸாகிவிட்டதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதாக அம்மா சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றினாள்.

அவளோடு படித்து அவளோடு அதே வார்டில் சேர்ந்தவள் நஸ்ரின். அவளுக்கும் இதே கதைதான். ஒருநாள் காலையில் நஸ்ரின் ஒரு வயதான அம்மாவின் படுக்கைக்கு முதல் தடவையாகப் போனாள். முதலாண்டு நர்ஸ்களின் சீருடையில் தோளில் நீலக்கரை இருக்கும். அந்த நீலக்கரையைக் கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். நஸ்ரின் இன்னும் வாயே திறக்கவில்லை. ஊருக்குள் எப்படியோ தெரிந்திருந்தது, நீலக்கரை வந்தால் இனி ஆள் தேறாது என்று. அன்றைக்கு மத்தியானமே நஸ்ரின் சீருடையை மடித்து வைத்துவிட்டுக் காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். அப்புறம் அவள் எந்த ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகவில்லை.

*

சண்முகவடிவு அந்த வார்டின் மூத்த நர்ஸ். எல்லோருக்கும் வடிவு அக்கா. நஸ்ரின் போன மறுநாள் அவள் ரொவினாவைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சாப்பிட்டியாட்டி?"

"பசிக்கலக்கா."

"உன் கை ராசியில்லாத கைன்னு நெனைச்சிட்டிருக்கியோ?"

அதைத்தான் ரொவினா நினைத்துக்கொண்டிருந்தாள்.

வடிவு டீயை அவள் பக்கம் நகர்த்தினாள். "பெட்டுக்கு மேல விளக்கு எரியுதே, அத முன்னறிங்கிற மிசினு, ஆள் தேறுமா தேறாதான்னு கணக்குப் போட்டு எரிக்குதுன்னு உனக்குத் தெரியும்லா. பச்சைன்னா தேறிருவாவ. மஞ்சள்னா பாடுபட்டா தேத்திரலாம். சாம்பல்னா இல்ல. உன் பெட்டுல என்னைக்காவது பச்சையோ மஞ்சளோ பார்த்திருக்கியா?"

ரொவினா யோசித்தாள். பார்த்ததில்லை. எல்லாமே சாம்பல். நோயாளிகளைக் கண் கூசாமல் தூங்க வைப்பதற்காக மங்கலாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதல் நாள் நினைத்தாள்.

"புதுசா வாற பிள்ளைகளுக்கு ஒரு வருசம் முடியுத வரைக்கும் சாம்பல் பெட்டு மட்டுந்தான் குடுப்பாவ."

"ஏன்க்கா?"

"அங்க நீ என்ன தப்பு செஞ்சாலும் ஒண்ணும் ஆயிராதுல்லா."

சுற்றிலும் தட்டு கழுவுகிற சத்தம். வடிவு குரலைத் தாழ்த்தினாள். "சும்மா வந்த ஏற்பாடு இல்லட்டி இது. முன்னால இங்க ஒரு பிள்ள, சேர்ந்த புதுசு, மருந்த மாத்தி ஏத்திட்டா. சின்னப் பையன். நல்லாகி வீட்டுக்குப் போக நின்னவன். போயிட்டான். அவன் அம்மா இந்த வாசல்ல மண்ணை வாரித் தூத்துனத நான் கண்ணால பார்த்தேன். அதுக்கப்புறம்தான் மேல உள்ளவங்க யோசிச்சாவ. பொம்மையில படிச்சிட்டு வாற பிள்ளைங்க, கை பழகுத வரைக்கும்..."

"சாகப்போறவங்க மேல பழகட்டும்னா?"

"நான் அப்படிச் சொல்லல. நீ சொல்லுத."

ரொவினா டீயைக் குடிக்கவில்லை. தன் கையால் யாரும் சாகவில்லை என்பது தெரிந்ததும் ஒரு பாரம் இறங்கியது. உடனே வேறொன்று ஏறி உட்கார்ந்தது. செல்லப்பா "பயப்படாதம்மா, பிடி" என்று சொன்னபோது, தன்னை எதற்காக அவரிடம் அனுப்பினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

*

மாசானம் உப்பு லாரி ஓட்டுகிறவர். சர்க்கரை நோயில் காலில் வந்த புண் முற்றி, ரத்தத்தில் கிருமி ஏறி, சிறுநீரகம் மந்தமாகி வந்து சேர்ந்தார். வந்தபோது அவர் விளக்கு மஞ்சள். வடிவு அக்காவின் பொறுப்பு. கூடவே மகள் செல்வரதி இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். வேனை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு அப்பா காலடியிலேயே கிடந்தாள்.

ஒருநாள் காலையில் வடிவு அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "அண்ணாச்சிக்கு மருந்து நேரம். கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினாள். யார் கவனித்தாலும் முதலில் தங்கள் கார்டைப் படுக்கையின் தலைமாட்டில் தொட வேண்டும். தொட்டால்தான் மருந்து இழுப்பறை திறக்கும். ரொவினா கார்டைத் தொட்டாள்.

இழுப்பறை திறந்தது. மேலே மஞ்சள் விளக்கு ஒருமுறை சிமிட்டிச் சாம்பலானது.

அவள் நோயாளியைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. அதே மூச்சு, அதே நாடி. "என்ன தாயி முழிக்க?" என்று கேட்டார் மாசானம். தியேட்டரிலிருந்து திரும்பிய வடிவு தன் கார்டைத் தொட்டதும் விளக்கு மறுபடி மஞ்சளானது. ஏதோ மின்சாரக் கோளாறு என்று ரொவினா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆனால் அந்த இடைவெளியில் அடுத்த நாளுக்கான பொறுப்புகளை முன்னறி பிரித்துவிட்டிருந்தது. சாம்பல் படுக்கை, முதலாண்டு நர்ஸுக்கு. மறுநாள் காலை மாசானம் ரொவினாவின் ஆளாகியிருந்தார். அவள் கார்டைத் தொட்டாள். விளக்கு சாம்பலானது. அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். யாரும் எதையும் நிறுத்தவில்லை. யாரும் கொடுமை செய்யவில்லை. எல்லாம் வந்தது, கடைசியில் வந்தது. ரத்தப் பரிசோதனை மற்றவர்களுடையது முடிந்த பிறகு போனது. டியூட்டி டாக்டரின் கையிலிருந்த பலகையில் மாசானத்தின் பெயர் அடியில் இருந்தது. அவர் மேலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து வருவதற்குள் வேறு அவசரம் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் அவருக்கு இருந்த முறை ஒரு பச்சை விளக்குக்காரருக்குப் போனது. சாயங்காலம் மாசானத்தின் முகம் உப்பியிருந்தது.

*

முன்னறியைப் பராமரிக்கிற ஹரிராம் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையில் இருந்தான். சென்னைக்காரன். ரொவினா சொன்னதைக் கேட்டதும் அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"புது நர்ஸ் வந்தா ஆள் செத்துடுவாங்கன்னு நாங்க யாரும் அதுக்குச் சொல்லிக்குடுக்கல சிஸ்டர். அதுவே பார்த்துக் கத்துக்கிச்சு. இத்தனை வருஷமா முதலாண்டு கார்டு பட்ட பெட்ல இருந்தவங்க எல்லாரும் செத்திருக்காங்க. ஒருத்தர் பாக்கியில்ல. அது என்ன பண்ணும்? அந்தக் கார்டு பட்டா சாவுன்னு எடுத்துக்கிச்சு."

"சாகப்போறாங்கன்னு தெரிஞ்சுதானே எங்களை அங்க போட்டாங்க?"

"அது அதுக்குத் தெரியாதே. எது முந்தி, எது பிந்தின்னு அது கேக்காது. ரெண்டும் சேர்ந்தே வருது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"அப்ப அவர் சாம்பலானது நான் தொட்டதாலயா?"

ஹரிராம் நாற்காலியில் அசைந்தான். "ரொம்ப நல்லா இருக்கறவங்களை அது சாம்பலாக்காது. எல்லையில நிக்கறவங்களுக்கு ஒரு சின்ன தள்ளு போதும். அந்தத் தள்ளு உங்க கார்டு."

"இதை மாத்தச் சொல்லலாமே."

"எழுதினேன் சிஸ்டர், ரெண்டு தடவை. 'அது சாம்பல்னு சொன்ன யாராவது பொழைச்சிருக்காங்களா, காட்டு'ன்னு கேட்டாங்க. யாரும் பொழைக்கலையே. அப்ப சரியாத்தானே சொல்லுது?" அவன் சிரிக்கவில்லை. "மத்த ஆஸ்பத்திரியெல்லாம் இதை வாங்கறதே இது தப்பே பண்ணலைங்கறதாலதான்."

ரொவினா அங்கிருந்து நேராக நர்சிங் கண்காணிப்பாளரிடம் போனாள். அந்த அம்மாள் பொறுமையாக முழுவதும் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். சாவு பார்க்கப் பார்க்க மனசு ஒரு காரணம் தேடும்" என்றார். மனநல ஆலோசகரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுத்தனுப்பினார்.

*

அன்று மாடிப்படியில் செல்வரதி அவளை மறித்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"சிஸ்டர், நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. நீங்க நல்லாத்தான் பாக்கீங்க. அப்பா வாய் ஓயாம உங்களைச் சொல்லுதாவ. ஆனா நீங்க அப்பாவப் பாக்க வேண்டாம். வேற யாரையாவது விடச் சொல்லுங்க. உங்க கால்ல விழுதேன்."

அவள் உண்மையிலேயே குனிந்தாள். ரொவினா பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினாள். இந்தப் பெண் சொல்வது தப்பு என்று சொல்லவும் வழியில்லை.

வடிவு அக்கா துணி மாற்றும் அறையில் இருந்தாள். ரொவினா கதவைச் சாத்தினாள்.

"அக்கா, மாசானம் அண்ணாச்சி பெட்டுல உங்க கார்டைத் தொடுங்க. வேலைய நான் செய்தேன்."

வடிவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் இறுகிப்போனது. "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நீ ஏதாவது மாத்திச் செஞ்சு அவர் போயிட்டாருன்னா என் பேருல்லா நிக்கும். இத்தனை வருச சர்வீசு. எனக்கும் ரெண்டு பிள்ள இருக்கு."

"தெரியும்க்கா."

"அதோட உன் கார்டு படலைன்னா நீ வேலை பார்த்ததாவே கணக்கில்ல. உனக்கு முதல் வருசம் எப்படி முடியும்? நிரந்தர வேலை எப்படிக் கிடைக்கும்?"

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சா பேசுத?"

"நான் தொட்டா அவர் செத்துருவாருக்கா" என்றாள் ரொவினா. சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதிலேயே விழுந்தது. நாலு வருசம் படித்து, விளக்கை ஏந்தி உறுதிமொழி எடுத்து, கடைசியில் இப்படி ஒரு வாக்கியம். அவள் சுவரோடு சாய்ந்து அழுதாள்.

வடிவு சீருடைப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். பிறகு, "எதத் தொடுததுக்கு முன்னயும் என்னைக் கூப்பிடணும். ஊசின்னா ஊசி, மாத்திரைன்னா மாத்திரை. கூப்பிடாம செஞ்சன்னா அன்னைக்கே நான் நிறுத்திருவேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் கார்டு மாசானத்தின் தலைமாட்டில் பட்டது. மஞ்சள் எரிந்தது. டாக்டர் பலகையில் பெயரைப் பார்த்து வந்தார். வந்தவர் உட்கார்ந்தே பார்த்தார். இயந்திரத்தில் முறை கிடைத்தது. வீக்கம் வடிந்தது. சில நாளில் மாசானம், "இங்க போடுத இட்லிய வச்சு லாரி உருளாம டயருக்கு அண்டை குடுக்கலாம்" என்று குறை சொல்லத் தொடங்கினார். அவர் குறை சொன்னதைக் கேட்டு செல்வரதி வராந்தாவுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

அவர் இரண்டு விரலை இழந்த காலை ஊன்றி நடந்து வெளியே போன நாளில், ரொவினா வாசல் வரை போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தாள். செல்வரதி வடிவு அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். வடிவு சங்கடத்தோடு மேலே ஜன்னலைப் பார்த்தாள்.

*

அது ஒருவரோடு நிற்கவில்லை. எல்லையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் வடிவின் கார்டு பட்டது. வேலையை ரொவினா செய்தாள்; தன் கார்டை அப்புறம் அவள் எந்தப் படுக்கையிலும், சாம்பல் படுக்கையில்கூட, தொடவில்லை.

எல்லோரும் பிழைத்தார்கள் என்றில்லை. மாலையம்மாள் என்று ஒரு பூக்காரி, மஞ்சள் விளக்கோடு, எல்லாச் சிகிச்சையும் கிடைத்தும் இறந்துபோனார். ரொவினா அழுதாள். ஆனால் அந்த அழுகை முந்தியது மாதிரி இல்லை. டாக்டர் கடைசிவரை பக்கத்தில் நின்றார். செய்ய முடிந்ததெல்லாம் செய்தார்கள். அதற்கு மேல் நடந்தது சாவு. அவ்வளவு நாளும் அவள் பார்த்தது சாவுதானா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது.

ஒருநாள் அவளும் தப்புச் செய்ய இருந்தாள். ஒருவருக்குச் சாப்பாடு வருவதற்கு முன்பே இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். வடிவு ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "இதுக்குத்தான்டி பயந்தாவ" என்றாள் வடிவு. ரொவினா தலையாட்டினாள். அந்தப் பயம் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அவர்கள் கண்ட மருந்துதான் தப்பு.

வார்டில் மற்ற மூத்த நர்ஸ்களும் மெல்லக் கவனித்தார்கள். யாரும் எதையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் கோமதி சிஸ்டர் தன் கீழ் சேர்ந்த புது நர்ஸின் பொறுப்பிலிருந்த படுக்கையில் போகிறபோக்கில் கார்டைத் தொட்டுவிட்டுப் போனாள். அப்புறம் பக்கத்து வார்டில் ஒருத்தி. சாம்பல் விளக்குகள் குறைந்தன. எரிந்தவை உண்மையாகவே சாகிறவர்களுக்கு எரிந்தன. அவர்கள் பக்கத்தில் உட்கார இப்போது நர்ஸ்களுக்கு நேரமும் இருந்தது.

வடிவின் பெயரில் பிழைத்தவர்கள் ஏறிக்கொண்டே போனதால், அவளை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். அவள் அந்தச் சால்வையைக் கொண்டுவந்து ரொவினாவின் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

*

ஆண்டு முடிவில் நிர்வாக அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அதிகாரி. மூலையில் ஹரிராம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"சிஸ்டத்துல நீங்க மாசக்கணக்கா ஒரு பேஷண்டைக்கூடத் தொடல" என்றார் அதிகாரி. "ஆரம்பத்துல கொஞ்ச நாள் பார்த்திருக்கீங்க. அவங்க எல்லாரும் இறந்துட்டாங்க. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஆனா கேட்ல தினமும் உள்ள வந்திருக்கீங்க. உள்ள வந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

ரொவினா ஹரிராமைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதும், இதுவரை அவன் சொல்லவில்லை என்பதும் அவளுக்கு விளங்கியது.

"சும்மா உக்காந்திருந்தேன் சார்."

"சும்மான்னா?"

"பயமா இருந்துச்சு. எல்லாரும் சாகச் சாகப் பயந்துட்டேன். உக்காந்திருந்தேன்."

அதிகாரி பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபமில்லை, இரக்கம் இருந்தது. "இந்த வேலை எல்லாருக்கும் சரிப்படாது. அதுல தப்பில்ல" என்றார்.

படியில் இறங்கும்போது வடிவு எதிரே ஓடிவந்தாள். "என்ன சொன்னாவ? போகச் சொல்லிட்டாவளா? நீ இரு. நான் போய் உள்ளத உள்ளபடி சொல்லுதேன். எவன் என்ன செய்வான், பார்க்கேன்."

ரொவினா அவள் கையைப் பிடித்தாள். "சொன்னா உங்க கார்டை மட்டுமா பிடுங்குவாவ? கோமதி சிஸ்டரோடது, பக்கத்து வார்டுல உள்ளவங்களோடது எல்லாம் போகும். பெட்டுக்குப் பெட்டு காவல் போடுவாவ. இந்த மாசம் சேர்ந்த பிள்ளைங்க என்ன செய்யும்? அவங்க பெட்டுல கிடக்கவங்க?"

"அப்ப நீ?"

"எனக்கு வேற ஆஸ்பத்திரி கிடைக்கும்க்கா. அவங்களுக்கு வேற பெட்டு கிடைக்காது."

வடிவு நடுப்படியில் நின்றபடி, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, ரொவினாவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் ரொவினாவுக்குக் கஷ்டமாக இருந்தது. "பிடிக்கலம்மா, விட்டுட்டேன்" என்றாள். அம்மா திட்டினாள், அழுதாள். படகுக் கொட்டகையில் யாரோ மகளைப் பற்றி விசாரித்தபோது அப்பா எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டதை ரொவினா பார்த்துவிட்டாள்.

*

மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் ஒரு பெண்மணி அவளுடைய விவரத்தைத் திரையில் பார்த்தார்.

"கோர்ஸ் முடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. அனுபவம்னு ஒண்ணும் காட்டலையே?"

"இல்ல மேடம்."

"அப்ப இதுதான் முதல் வேலையா?"

"ஆமா மேடம்."

மறுபடியும் நீலக்கரைச் சீருடை கொடுத்தார்கள். மறுபடியும் சின்னப் பிள்ளைகளோடு நிற்க வைத்து, கை கழுவுவது எப்படி என்று காட்டினார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து கை கழுவினாள். வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் படுக்கைகளுக்கு மேலே பார்த்தாள். இங்கேயும் முன்னறி இருந்தது. வரிசையாகப் பச்சை, மஞ்சள், கடைசியில் சாம்பல்.

அந்த வார்டின் மூத்த நர்ஸ் ராக்கு. பெரிய உடம்பு, வேகமான நடை. புதிதாக வந்த பிள்ளைகளில் ரொவினாவை ஒரு படுக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மேலே மஞ்சள். ரொவினா கார்டை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எப்படித் தொடங்குவது, ராக்குவிடம் எதைச் சொல்லி அவள் கார்டைத் தொடக் கேட்பது என்று யோசித்தாள்.

"ஆத்தா, கார்டை எடுத்துத் தேச்சுப்புடாத" என்றாள் ராக்கு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் கார்டைத் தலைமாட்டில் தொட்டாள். விளக்கு மஞ்சளாகவே நின்றது. "உங்க கார்டு பட்டா இந்த மிசினு ஆளக் கணக்கு முடிச்சுரும். வேலைய நீ பாரு, பேரு ஏம்பேருல இருக்கட்டும். எதச் செய்யறதா இருந்தாலும் என்னையக் கூப்புட்டுட்டுச் செய்யி. வெளியில மூச்சுவிடாத. ஒனக்குரிய மணிக்கணக்க, நெசமாவே தேறாத ஆளுக பக்கத்துல ஒக்காரும்போது தேச்சுச் சேத்துக்கிறலாம். அதுக்கு நாங்க வழி பண்ணிருக்கோம்."

ரொவினா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "இது... யாரு அக்கா சொல்லிக்குடுத்தா?"

"தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சாகளாம். இப்ப எல்லா ஊர்லயும் இப்படித்தேன். அங்க யாரோ ஒரு சிஸ்டரு செஞ்சதுன்னு சொல்றாக. யாருன்னு தெரியல." ராக்கு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன்டி, கண்ணு கலங்குது? பயமா இருக்கா? மொத வேலைன்னா அப்படித்தேன் இருக்கும்."

ரொவினா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ராக்கு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டாள்.

படுத்திருந்த பெண் கண் திறந்தாள். ரொவினா குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.